வாசகர் கேள்வி: காளை இல்லாத ரிஷபவாகனர்

தஞ்சை அரண்மனை கலைக்கூடத்துக்குக் குடும்பத்தோடு போனோம். அரை மணியில் வெளியே வந்துவிட்டோம். எல்லாச் சிலைகளும் ஒன்றுபோலவே தெரிந்தன. கோயிலில் பட்டும் மாலையுமாகப் பார்க்கும்போது வரும் உணர்வு அங்கே வரவில்லை. அப்படி என்னதான் பார்க்க வேண்டும்?
– வாசகி, சீர்காழி

சீர்காழியா? அப்படியானால் உங்களுக்கு நான் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கூடத்தில் நான் மிகவும் நேசிக்கும் சிலைகள் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் திருவெண்காட்டிலிருந்து வந்தவை. ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், அங்கே மண்ணுக்கடியில் புதைந்து கிடந்து 1951-இல் வெளியே வந்தவர். கலைக்கூடம் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

அடுத்த முறை எல்லாவற்றையும் பார்க்காதீர்கள். நேரே ரிஷபவாகனரிடம் போய் நில்லுங்கள். ராஜராஜன் காலம், கோலக்கவன் என்பவர் 1011-இல் கொடுத்ததாகக் கல்வெட்டு உண்டு. ஒரு காலுக்கு முன்னே மறுகாலைக் குறுக்காக வைத்து, ஒரு கையைக் காளைமேல் சாய்த்து நிற்கிறார். ஆனால் காளை இல்லை. அது கிடைக்கவேயில்லை. இருந்தும் அந்தக் கையைப் பார்த்தாலே காளையின் உயரம் இவ்வளவு, முதுகு இங்கே என்று தெரிந்துவிடும். தலையில் தலைப்பாகை மாதிரி சுற்றியிருப்பது சடைமுடி. உற்றுப் பார்த்தால் அதில் பாம்புகள் தெரியும். பக்கத்தில் நிற்கும் அம்மனை அடுத்த ஆண்டே, 1012-இல், செய்திருக்கிறார்கள்.

அப்புறம், எந்தப் பக்கமெல்லாம் போக முடிகிறதோ அங்கெல்லாம் போய்ப் பாருங்கள். முதுகின் வளைவு, இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்திருக்கும் விதம். கோயிலில் இதைப் பார்க்க நமக்கு வழியே இல்லை. உற்சவருக்குப் பட்டும் மாலையும் சாத்திய பிறகு முகமும் கைகளும்தான் தெரியும். ஸ்தபதி செய்த முழு உருவத்தைப் பார்ப்பவர்கள் அர்ச்சகர் போன்ற சிலர்தான். அந்தப் பாக்கியம் கலைக்கூடத்தில் உங்களுக்கும் எனக்கும் கிடைக்கிறது. நீங்கள் தேடிப்போன உணர்வு அங்கே வராமல் போகலாம். வேறொன்று வரும், அதற்கு நேரம் கொடுங்கள்.

பீடத்தையும் பாருங்கள். பல சிலைகளில் துளைகளோ வளையங்களோ இருக்கும். வீதியுலாவுக்குக் கம்பு கோத்துத் தூக்க வைத்தவை அவை.

அங்கே என் அம்மா கைகூப்பி நின்றார். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அது தவறா?
– வாசகர், கும்பகோணம்

தவறே இல்லை. கும்பிடுவதற்காகச் செய்த உருவம்தானே? தொடாமல், சூடம் ஏற்றாமல் இருந்தால் போதும். அம்மாவை அடுத்த முறை கல்யாணசுந்தரர் முன்னால் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். சிவன் கையைப் பிடித்திருக்க, பார்வதி தலையை லேசாகத் தாழ்த்தியிருக்கிறார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த எந்த அம்மாவுக்கும் அந்தத் தலைதாழ்வை விளக்க வேண்டியதில்லை.

பத்து வயதுப் பையனைக் கூட்டிப்போகலாமா? சலித்துக்கொள்வானே?
– வாசகி, திருச்சி

தாராளமாகக் கூட்டிப்போங்கள். ஓவிய ஆசிரியராக இருந்தபோது மாணவர்களிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, ஒரே ஒரு கையை மட்டும் வரையச் சொல்வேன். விரல்கள் எப்படி வளைகின்றன என்று பார்க்கத் தொடங்கியவன் அவ்வளவு எளிதில் நகரமாட்டான்.

முடிந்தால் அதே பயணத்தில் சுவாமிமலைக்கும் போங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் உருவம் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சுடுவார்கள். மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதனால் ஒரு அச்சில் ஒரு சிலைதான். மெழுகு பிசையும் ஸ்தபதியைப் பார்த்துவிட்டுத் தஞ்சைக்கு வந்தால், கேள்விகளை அவனே கேட்பான்.

சென்னைக்குப் போகும் வேலை இருந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப்போங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் அங்கேதான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை விடுமுறை.