அடிக்காத அணியும் அனுப்பப்படும் பயிற்சியாளரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில், சியாட்டிலை ஒட்டிய பெல்வியூவில் வசிக்கிறேன். இங்கு வந்த சில மாதங்களிலேயே சியாட்டில் மேரினர்ஸ் என்ற பேஸ்பால் அணியின் மேல் பற்று வந்துவிட்டது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் அரிசோனாவில் பயிற்சி முகாம் தொடங்கும்போது, பேட்டிங் முறை மாறிவிட்டது, இனி ஸ்ட்ரைக் அவுட் (மூன்று வாய்ப்பையும் வீணடித்து ஆட்டமிழப்பது) குறையும் என்று செய்தி வரும். நாங்களும் நம்பிவிடுவோம். ஜூன் மாதம் பார்த்தால் அதே ஆட்டக்காரர்கள் அதே பந்துக்கு வீணாக மட்டையை வீசிவிட்டுத் தலைகுனிந்து திரும்புவார்கள். பேட்டிங் பயிற்சியாளரை மாற்று என்று கத்துவோம். 2024இல் மாற்றினார்கள், 2025இல் அணி வெளுத்து வாங்கியது. அப்படியென்றால் நாங்கள் கத்தியது சரிதானே? பயிற்சியாளரால் ஆவது ஒன்றுமில்லை என்று என் அலுவலக நண்பர் சாதிக்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இரா., பெல்வியூ

அன்புள்ள இரா.,

மாற்றினார்கள், அடித்தார்கள், ஆகவே மாற்றியது சரி என்ற உங்கள் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. அதற்குக் காரணம், நீங்கள் கடிதத்தில் பெயர் சொல்லாமல் விட்ட கெவின் சைட்சர். 2025 சீசனுக்கு உங்கள் அணி அமர்த்திய பேட்டிங் பயிற்சியாளர் அவர்தான்.

சைட்சர் 1987இல், தம் முதல் முழு சீசனிலேயே, கான்சஸ் சிட்டி ராயல்ஸுக்காக 207 ஹிட் (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாகத் தளத்தைச் சேர்வது) அடித்தவர். பின்னாளில் அதே அணிக்குப் பயிற்சியாளரானபோது, மைதானத்தின் நடுப்பகுதியை நோக்கி அடிக்கச் சொல்லும் அவருடைய முறையால் ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே தூக்கி அடிப்பது) குறைகிறது என்ற பேச்சு எழுந்தது. 2012 சீசன் முடிந்ததும் அவரை அனுப்பிவிட்டார்கள். பிறகு அவர் அட்லாண்டா பிரேவ்ஸுக்குப் போனார். அந்த அணி 2023இல் 307 ஹோம் ரன் அடித்து, 2019இல் மினசோட்டா ட்வின்ஸ் படைத்த சாதனையைச் சமன் செய்தது. ஹோம் ரன்னுக்கு ஆகாதவர் என்று பெயரெடுத்தவரின் மேற்பார்வையில் நடந்தது இது! மறு ஆண்டு அந்த அணியின் முன்னணி ஆட்டக்காரர்கள் காயமடைந்தார்கள்: மே மாதம் ரொனால்ட் அகுன்யாவின் முழங்கால் தசைநார் கிழிந்தது, ஜூலையில் ஆஸி ஆல்பீஸின் மணிக்கட்டும் ஆகஸ்டில் ஆஸ்டின் ரைலியின் கையும் முறிந்தன, ரன்கள் சரிந்தன, சீசன் முடிந்த கையோடு சைட்சரின் வேலையும் போயிற்று. சில வாரங்களில் சியாட்டில் அவரை எடுத்துக்கொண்டது. அட்லாண்டா வேண்டாமென்று விட்டவரைத்தான் நீங்கள் மாலை போட்டு வரவேற்றீர்கள். இந்த ஏற்ற இறக்கங்களின் ஊடே அந்த மனிதருக்குத் தெரிந்த பேட்டிங் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

2024இன் கசப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஜூன் நடுவில் தம் பிரிவில் 10 ஆட்ட முன்னிலையோடு இருந்த அணி, ஒரே மாதத்தில் அதை முழுவதும் கரைத்தது. பேட்டிங்கை ஒருங்கிணைக்கவென்றே அமர்த்தப்பட்டிருந்த பிராண்ட் பிரவுன் மே இறுதியிலேயே நீக்கப்பட்டிருந்தார். ஆகஸ்ட் 22 அன்று, 64 வெற்றி 64 தோல்வி என்ற நிலையில், மேலாளர் ஸ்காட் சர்வைஸும் பேட்டிங் பயிற்சியாளர் ஜாரட் டிஹார்ட்டும் வெளியேற்றப்பட்டார்கள். மேலாளராக டான் வில்சனும் பேட்டிங்குக்கு எட்கர் மார்டினெஸும் பொறுப்பேற்று, மீதமிருந்த 34 ஆட்டங்களில் 21ஐ வென்றும், ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் பிளேஆஃப் (சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் சுற்று) வாய்ப்பு கைநழுவியது. லீக்கிலேயே அதிகமாக அந்த ஆண்டு 1,625 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆன அணிக்கு அந்த ஒரு ஆட்டம் எங்கே போனது என்று ரசிகர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

ஆனால் பயிற்சியாளரின் கை எதுவரை நீளும் என்று பாருங்கள். பந்து எறியப்படும் இடத்துக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடைவெளி 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து அதை ஏறக்குறைய 0.4 நொடியில் கடந்துவிடுகிறது. அதற்குள் இது எந்த வகைப் பந்து, எங்கே இறங்கும், அடிப்பதா விடுவதா என்று தீர்மானித்து மட்டையையும் சுழற்ற வேண்டும். அந்த நேரத்தில் எந்த அறிவுரையும் நினைவுக்கு வராது. முன்பே உடம்பில் ஊறியது மட்டுமே உதவும். அப்படி ஊறச் செய்வது எவ்வளவு அலுப்பான வேலை என்பதற்கு மார்டினெஸே உதாரணம். கண்களின் பார்வை ஒருங்கிணையாத குறை அவருக்கு இருந்தது. அதைச் சமாளிக்க, எண் எழுதிய டென்னிஸ் பந்துகளை இயந்திரம் வேகமாக வீச, அவை கடந்துபோவதற்குள் எண்ணைப் படிக்கும் பயிற்சியைச் செய்து வந்தார். 1992, 1995 ஆண்டுகளில் லீக்கின் மிகச் சிறந்த சராசரிக்காகக் கிடைத்த பேட்டிங் பட்டங்களுக்கும், பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் 2019இல் கிடைத்த இடத்துக்கும் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது. இதை இன்னொருவருக்கு 34 ஆட்டங்களில் புகட்டிவிட முடியுமா?

போதாக்குறைக்கு, இன்றைய ஆட்டக்காரர்கள் அணியின் பயிற்சியாளரை மட்டும் நம்பி இருப்பதில்லை. மேரினர்ஸ் ஆட்டக்காரர் ஜே.பி. கிராஃபர்ட் 2023க்கு முந்தைய குளிர்காலத்தில் பயிற்சிக்குப் போனது உங்கள் ஊருக்குப் பக்கத்தில், கென்ட் நகரில் இருக்கும் டிரைவ்லைன் என்ற தனியார் கூடத்துக்கு. அந்த சீசனில் அவர் 19 ஹோம் ரன் அடித்தார், மேரினர்ஸ் ஆடும் அமெரிக்கன் லீக்கிலேயே அதிக வாக் (தவறாக எறியப்பட்ட நான்கு பந்துகளை விட்டுவிட்டு முதல் தளத்துக்குப் போவது) வாங்கியவரும் அவரே. மைதானத்துக்கும் இதில் பங்குண்டு. சியாட்டில் மைதானத்தில் ரன் எடுப்பது எப்போதுமே சிரமம். அங்கே பந்து சரியாகத் தெரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன தியாஸ்கர் ஹெர்னாண்டஸ், அணி மாறி, 2024இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்காக 33 ஹோம் ரன் அடித்தார்.

பழி எல்லாம் பயிற்சியாளர் தலையில் விழுவதற்குக் காரணம், சீசன் நடுவில் மாற்றத் தோதான ஆள் அவர் ஒருவர்தான் என்பது. 13 பேட்டர்களை ஜூன் மாதத்தில் மாற்ற முடியாது. நிர்வாகத்துக்கும் இது வசதி. அணியைக் கட்டுகிற ஜெரி டிபோட்டோ, நெடுங்கால நோக்கில் 54 சதவீத ஆட்டங்களை வெல்வதே இலக்கு என்று பொருள்படப் பேசி 2023 அக்டோபரில் ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தக் கோபம் போக வேண்டிய முகவரிக்குப் போனது என்பது என் எண்ணம்.

2025 மட்டும் என்ன? மேரினர்ஸின் கேல் ராலி 60 ஹோம் ரன் அடித்தார், கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பவர்) ஒருவர் அடித்ததில் இதுவே உச்சம். அந்தப் பெருமை சைட்சருக்கா, ஹோம் ரன் டெர்பி என்ற ஹோம் ரன் போட்டியில் மகனுக்குப் பந்து போட்ட தந்தைக்கா? ஜூலை இறுதியில் ஜாஷ் நேலரையும் யூஹெனியோ சுவாரஸையும் வாங்கித் தந்த, ரசிகர்கள் திட்டும் அதே டிபோட்டோவுக்கா? (அந்த இரண்டு பேரத்துக்காக அவரை நான் மெச்சவே செய்கிறேன்.) அமெரிக்கன் லீக் பட்டத்துக்கான தொடரில், டொரான்டோவில் தோற்ற கடைசி ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று பேரும் ஸ்ட்ரைக் அவுட் ஆனபோதும், கோபம் பெரும்பாலும் ஏழாவது இன்னிங்ஸில் அணியின் முக்கியப் பந்துவீச்சாளர் முன்யோஸைப் பந்தெறிய அழைக்காத மேலாளர் மீதுதான் பாய்ந்தது.

இதனால் உங்கள் நண்பர் சொல்வதும் சரியாகிவிடாது. பயிற்சியாளரின் பங்கு சிறியது, ஆனால் உண்டு. அது தெரிவது ஹோம் ரன் எண்ணிக்கையில் அல்ல, பிளேட்டுக்கு வெளியே போகும் பந்துகளை ஆட்டக்காரர்கள் விட்டுவிடுகிறார்களா என்பதில். அடுத்த ஜூனில் கத்துவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் அதைக் கவனித்து வாருங்கள். முகாமில் விட்ட பந்துகளுக்கு மீண்டும் மட்டையை வீசத் தொடங்கியிருந்தால், தாராளமாகக் கத்துங்கள்.