உதட்டுக் கொப்புளமும் ஒரு சின்ன ட்யூபும்

கேள்வி: உதட்டோரத்தில் கொப்புளம். நான்காம் நாள் அசைக்ளோவிர் களிம்பு வாங்கித் தடவினேன். ஒன்றும் கேட்கவில்லை. போலி மருந்து என்று புகார் கொடுக்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மூன்று நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? உதட்டோரம் குறுகுறுவென்று அரிக்கும்போதே, கொப்புளம் எழும்பும் முன்பே தடவ வேண்டிய மருந்து அது. விழித்திருக்கும் நேரத்தில் நாலு மணிக்கொரு தரம், நாளுக்கு ஐந்து முறை, நாலைந்து நாள். அப்படித் தடவினாலும் அரை நாள், ஒரு நாள் முன்னதாக ஆறும், அவ்வளவுதான். பொருக்குத் தட்டிய பிறகு தடவினால் அதுவும் வாசலினும் ஒன்று. மருந்தின் மேல் பழி போடாதீர்கள்.

கேள்வி: ஒரே ட்யூபை வீட்டில் நான்கு பேரும் தடவலாமா?
– வாசகி, சேலம்

பதில்: கூடாது. முகம் துடைக்கும் துண்டும் கூடாது.

கேள்வி: மகளுக்கு வாயோரம் சிறு கொப்புளங்கள். மருந்துக் கடையில் காட்டினோம். "இது எல்லாத்துக்கும் கேட்கும்" என்று ஒரு க்ரீம் கொடுத்தார்கள். இரண்டு நாள் சிவப்பு குறைந்தது, அப்புறம் கன்னம் வரை பரவிவிட்டது. பில் கொடுக்கவில்லை.
– ஒரு தாய், கரூர்

பதில்: அம்மா, முதலில் அதை நிறுத்திவிட்டு மகளைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தப்பு உங்களுடையது இல்லை.

"எல்லாத்துக்கும் கேட்கும்" என்ற அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்து வருஷத்துக்கு முன்பு கழுத்தில் அரிப்பு என்று போய் நின்ற எனக்கும் இதே வசனம்தான். தடவினால் ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆகும், நிறுத்தினால் திரும்ப வரும். நாலு மாதம், ஏழு ட்யூப். கடைசியில் கழுத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகி, உள்ளே நரம்பு தெரிந்தது. அதற்கும் பில் இல்லை, நானும் கேட்கவில்லை.

இந்தக் கலவைக் களிம்புகளில் பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் என்று ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். சிவப்பை உடனே அடக்குவது அந்த ஸ்டீராய்டுதான். உதட்டுக் கொப்புளத்தைக் கிளப்பும் ஹெர்ப்பிஸ் வைரஸுக்கு அதில் மருந்தே கிடையாது. ஸ்டீராய்டு அந்த இடத்து எதிர்ப்புச் சக்தியை அமுக்கிவிடுவதால் வைரஸுக்குக் கொண்டாட்டம். 2018-லேயே ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு இறுக்கியது. கடைகளில் அது நடக்கிறதா என்று உங்களுக்கே தெரியும். பில் தராததும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். ட்யூபைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் மடிப்பில் அச்சடித்திருக்கும் பேட்ச் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இடுப்பில் ஒரு பக்கம் அக்கி. குயவர் வீட்டில் காவி கரைத்து எழுதினோம், கூடவே அசைக்ளோவிர் க்ரீம் ஆறு ட்யூப். எரிச்சல் அடங்கவில்லை.
– வாசகர், மானாமதுரை

பதில்: காவி குளிர்ச்சியாக இருந்திருக்கும், எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆறு ட்யூப் விற்றவர் மேல்தான். அக்கி என்பது என்றோ வந்துபோன சின்னம்மை வைரஸ் நரம்பில் பதுங்கியிருந்து திரும்ப எழுவது. மேலே தடவும் களிம்பு அங்கே எட்டாது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும், அதையும் மருத்துவர்தான் எழுத வேண்டும். நாள் கடந்திருந்தாலும் இன்றே கூட்டிப் போங்கள். சிலருக்கு அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும், அதற்குத் தனி மருந்து இருக்கிறது. யாருக்காவது நெற்றியில், கண்ணருகே அக்கி வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: மறைவிடத்தில் ஹெர்ப்பிஸ் என்று சொன்னார்கள். "21 நாளில் வேரோடு போகும்" என்ற விளம்பரத்தை நம்பி 4,800 ரூபாய் கட்டி ஒரு தைலம் வாங்கினேன். மறுபடி வந்துவிட்டது. யாரிடமும் சொல்ல முடியவில்லை.
– பெயர் வேண்டாம்

பதில்: யாரிடமும் சொல்ல மாட்டீர்கள் என்று தெரிந்துதான் அந்த விலை வைத்திருக்கிறார்கள். கூச்சத்தைக் காசாக்கும் கூட்டம் அது. இந்த வைரஸை உடம்பிலிருந்து அடியோடு வெளியேற்றும் மருந்து உலகத்தில் எங்கேயும் இல்லை. பால்வினை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். விளம்பரத்தையும் பணம் கட்டிய விவரத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டு 1915-இல் புகார் கொடுங்கள். தொலைபேசியில் உங்கள் நோயை விவரிக்க வேண்டியதில்லை, பொய் விளம்பரம் என்றால் போதும்.

மறைவிடத்துக்குக் களிம்பு பெரிதாக உதவாது, மாத்திரைதான் வேலை செய்யும். அடிக்கடி வந்தால் தினமும் ஒரு அளவு சாப்பிட்டு வருகையைக் குறைக்கலாம். பெரிய அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே பால்வினை நோய்ப் பிரிவு உண்டு, காசு கேட்க மாட்டார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் தினமும் இதைத்தான் பார்க்கிறார்கள், உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: ஆன்லைனில் பாதி விலைக்குப் பத்து ட்யூப் வாங்கினேன். அடுத்த மாதம் காலாவதி. திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.
– வாசகர், கோவை

பதில்: உங்களுக்கு எத்தனை உதடு?