சிபாப் போட்டுத் தூங்கியும் விடியற்காலையில் உடம்பு நனைந்துபோகிறதே, ஏன்?

கேள்வி கேட்டவர் 50 வயதுப் பெண். ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் என்று தெரிந்து, ஆறு வாரமாக சிபாப் கருவி (மூச்சுவழி அடைபடாமல் இருக்க மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்று அனுப்பும் கருவி) போட்டுத் தூங்குகிறார். குறட்டை நின்றுவிட்டது, ராத்திரி வியர்வை மட்டும் நிற்கவில்லை. கருவியால்தான் வியர்க்கிறதோ, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இதே கேள்வியோடு நானும் மூன்று வருடத்துக்கு முன்பு அலைந்தேன். எனக்கு இப்போது 53 வயது, திருச்சியில் பள்ளி ஆசிரியை. மருத்துவம் படித்தவள் இல்லை. என் உடம்பில் நடந்ததையும், என்னைப் பார்க்கும் நுரையீரல் மருத்துவர் விளக்கியதையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

எனக்கு 48 வயதில் மாதவிடாய் நின்றது. அடுத்த கோடையிலிருந்து வியர்வை தொடங்கியது. ஃபேன் முழு வேகத்தில் ஓடும், ஆனாலும் பின்கழுத்தும் முதுகும் தெப்பலாக நனைந்திருக்கும். நடுராத்திரியில் எழுந்து நைட்டி மாற்றி, தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படுப்பேன். அக்காவிடம் சொன்னேன், கூட வேலை பார்க்கும் டீச்சர்களிடம் சொன்னேன். "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான், போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள். மகப்பேறு மருத்துவரும் அதையே சொன்னார். ஒரு பொது மருத்துவர் மட்டும், நம் ஊரில் ராத்திரி வியர்வை என்றால் காசநோய் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று மார்பு எக்ஸ்ரே எடுத்தார். தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தார். எதிலும் குறை இல்லை. சரி, வயசுதான் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

ராத்திரி மூன்று தடவை பாத்ரூம் போவேன். காலையில் எழுந்ததும் நெற்றி கனக்கும். மாதத் தேர்வில் மேற்பார்வைக்கு நிற்கும்போது நின்றபடியே கண் சொக்கும். இதெல்லாம் வியர்வையோடு சேர்ந்த விஷயம் என்று தெரியாததால் எந்த மருத்துவரிடமும் நான் சொல்லவில்லை. என் குறட்டையும் அப்படி ஒன்றும் பெரிதில்லை. பெண்களுக்குச் சத்தமான குறட்டையைவிட அசதி, தலைவலி, தூக்கம் கலைவது என்றுதான் இந்த நோய் அதிகம் காட்டிக்கொள்ளுமாம். அதனாலேயே நம்மில் பலருக்கு இது கண்டுபிடிக்கப்படாமலே போகிறது.

கடைசியில் கண்டுபிடித்தவர் என் கணவர். ஒரு ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றுவிட்டது. அந்த அமைதியில் அவர் விழித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் என் மூச்சு நின்று நின்று வருவது அவருக்குக் கேட்டிருக்கிறது. பயந்துபோய் என்னை உலுக்கி எழுப்பினார். "ஏம்மா, நீ தூக்கத்துல மூச்சே விடல" என்று அவர் சொன்னபோது அவர் கை நடுங்கியது இன்னும் நினைவில் இருக்கிறது.

அப்புறம்தான் ஸ்லீப் ஸ்டடி. ஒரு ராத்திரி முழுக்க தலையில், மார்பில், கால்களில் ஒயர்களை ஒட்டிப் படுக்க வைத்தார்கள். முடிவில் மணிக்கு 34 தடவை மூச்சு தடைபடுகிறது என்று வந்தது. 30க்கு மேல் போனாலே தீவிரம் என்பது கணக்கு. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 76 சதவீதம் வரை இறங்கியிருந்தது.

வியர்வைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மருத்துவரிடம் கேட்டேன். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து காற்று போகும் வழி அடைபடுகிறது, ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறிப்போய் உடம்பை எழுப்புகிறது. ஒவ்வொரு தடவையும் இதயம் வேகம் எடுக்கும், ரத்த அழுத்தம் ஏறும், வியர்வைச் சுரப்பிகளும் கூடவே முடுக்கிவிடப்படும். "ராத்திரி பூரா மலைக்கோட்டைப் படிக்கட்டு ஏறி இறங்குற மாதிரி உங்க உடம்பு வேலை செய்யுது, வியர்க்காம என்ன செய்யும்" என்றார். ஐஸ்லாந்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆப்னியா நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. வாரத்தில் மூன்று நாளாவது ராத்திரி வியர்ப்பதாகச் சொன்னவர்கள் அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பொதுமக்களில் அது பத்தில் ஒருவர் அளவுதான். கருவியை முழுமையாகப் பயன்படுத்தியவர்களிடம் அந்த மூன்றில் ஒரு பங்கு சுமார் 12 சதவீதமாகக் குறைந்திருந்தது. அதில் "முழுமையாக" என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதையே அதில்தான் இருக்கிறது.

பிப்ரவரியில் கருவி வாங்கினேன். முதல் இரண்டு வாரம் தலையணை காய்ந்தே இருந்தது. சந்தோஷத்தில் அழுதே விட்டேன். மார்ச் கடைசியில் வியர்வை திரும்பி வந்தது. கருவியின் செயலியைத் திறந்து பார்த்தால் எல்லாம் பச்சை. மூச்சுத் தடை மணிக்கு 3தான், பயன்படுத்திய நேரம் நாலரை மணி. கருவி கொடுத்த கடையில் கேட்டேன், "நாலு மணி நேரத்துக்கு மேல போட்டா போதும் மேடம், உங்க ரிப்போர்ட் நல்லா இருக்கு" என்றார்கள். அப்படியானால் வியர்வை மறுபடி வயசின் கணக்குக்குத்தான் போக வேண்டும். எனக்கு மனசு ஒப்பவில்லை.

கட்டில் பக்கத்தில் ஒரு பழைய நோட்டும் பென்சிலும் வைத்தேன். நனைந்து விழிக்கும்போதெல்லாம் மணியைப் பார்த்துக் குறிப்பேன், மாஸ்க் முகத்தில் இருக்கிறதா இல்லையா என்றும் எழுதுவேன். பத்து நாளில் தெளிவாகிவிட்டது. வியர்வை எப்போதும் நாலிலிருந்து ஐந்து மணிக்குள். அந்த நேரத்தில் மாஸ்க் ஒரு நாள்கூட முகத்தில் இல்லை, தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. தூக்கக் கலக்கத்தில் மூன்று மணி வாக்கில் நானே கழற்றிப் போடுகிறேன், அது எனக்கே தெரியவில்லை.

நோட்டை மருத்துவரிடம் காட்டினேன். கருவியின் மெமரி கார்டையும் போட்டுப் பார்த்தார். கனவு காணும் தூக்கம் ராத்திரியின் பின்பாதியில்தான் அதிகம், அந்தத் தூக்கத்தில் தசைகள் இன்னும் தளர்ந்துபோவதால் மூச்சுத் தடை பலருக்கு அப்போதுதான் மோசமாகும் என்று விளக்கினார். ஆக, எனக்குக் கருவி மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது சும்மா கிடந்திருக்கிறது. செயலியில் பார்த்த அந்த 3 என்ற எண், மாஸ்க் முகத்தில் இருந்த நேரத்துக்கு மட்டுமான எண். கழற்றிய பிறகு நடப்பதைக் கருவி எப்படி எண்ணும்? நாலு மணி நேரம் என்பது ஒருவர் கருவியை ஒழுங்காகப் போடுகிறாரா என்று பார்க்க வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. தூங்கும் நேரம் முழுக்கப் போட்டால்தான் முழுப் பலன். இதை யாராவது முதல் நாளே எனக்குச் சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் இன்றைக்கும் உண்டு. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சரி, ஏன் கழற்றுகிறேன்? வாங்கும்போது கருவியில் ஈரப்பதத்தை 5இல் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அது தொட்டித் தண்ணீரைச் சூடாக்கி ஈரக் காற்றாக அனுப்பும். பிப்ரவரிக்கு அது இதமாக இருந்தது. ஏப்ரல் திருச்சியில் ராத்திரிக்கும் அனல் அடங்காது, அதில் மூக்குக்குள் வெந்நீர் ஆவி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. மாஸ்க் ஓரத்தில் கன்னம் வியர்க்கும், அரிக்கும், கை தானாக அங்கே போகும். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு 2க்குக் குறைத்தேன். மூக்கு வறண்டால் ஒரு படி ஏற்றிக்கொள்வேன். அந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிப் பாதி எண்ணெய். மெமரி கார்டில் காற்றுக் கசிவு வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் மட்டும் எகிறியிருந்தது. என் கருவியில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேல் கசிந்தால் அதிகம் என்று கணக்கு, வெள்ளிக்கிழமைகளில் அது நாற்பதைத் தொட்டது. மருத்துவருக்குப் புரியவில்லை. எனக்குச் சட்டென்று உறைத்தது. வெள்ளிக்கிழமை நான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். சீயக்காய் போட்டாலும் நெற்றியோரத்திலும் கன்னத்திலும் ஒரு பிசுக்கு நிற்கும். அதில் சிலிக்கான் மாஸ்க் வழுக்கிக்கொண்டு போகும். காற்று புஸ்ஸென்று கண்ணில் அடிக்கும், தூக்கம் கலையும், கை கழற்றிவிடும். இப்போது எண்ணெய்க் குளியலை விடவில்லை. படுக்கப் போகும் முன் முகத்தைச் சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் மாஸ்க் போடுகிறேன். தலைக்குத் தடவும் தேங்காய் எண்ணெயும் காலையில்தான். மாஸ்க்கின் மெத்தைப் பகுதியைத் தினமும் காலையில் மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காய வைப்பேன். அம்மாவின் பழைய நூல் புடவையைக் கிழித்து, வார்ப்பட்டைக்கு உறை மாதிரி தைத்துக்கொண்டேன். வியர்வையை அது இழுத்துக்கொள்கிறது, கன்னத்தில் தடமும் விழுவதில்லை.

படுக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஃபோம் மெத்தை. அது உடம்புச் சூட்டை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் ஒரு கோரைப்பாய் விரித்து, அதற்கு மேல் பருத்தி விரிப்பு போட்டேன். முதுகுக்கு அடியில் கொஞ்சம் காற்று ஓடுகிறது. நைலான் கலந்த நைட்டிகளைத் தூக்கி வைத்துவிட்டேன். ஏசி இருந்தால் போடுங்கள், ஆனால் ஒன்று: அறை சில்லென்று இருந்து கருவியில் ஈரமும் அதிகமாக இருந்தால், டியூபுக்குள் நீர் கோத்து மூக்கில் தெறிக்கும். ஈரத்தைக் குறைத்தாலோ டியூபைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டாலோ அது நின்றுவிடும்.

இவ்வளவும் செய்து ஏழு மணி நேரம் மாஸ்க்கோடு தூங்க ஆரம்பித்த பிறகு, விடியற்கால வியர்வை போய்விட்டது. வாரத்தில் ஓரிரு நாள் வேறு மாதிரி ஒரு வியர்வை மட்டும் மிச்சம் இருந்தது. மார்பிலிருந்து சூடு குபுகுபுவென்று முகத்துக்கு ஏறும், நாலைந்து நிமிடம் வியர்த்துவிட்டு, பின்னால் குளிர் எடுக்கும். இது வகுப்பில் பகலிலும் வரும், மாஸ்க் முகத்தில் இருக்கும்போதும் வரும். இதுதான் நிஜமாகவே மாதவிடாய் நின்றதால் வருவது. இதற்கு மகப்பேறு மருத்துவரிடம் தனியாக வைத்தியம் பார்த்துக்கொண்டேன். உங்கள் வயதுக்கு உங்களுக்கும் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஒன்று இருக்கிறது என்பதற்காக இன்னொன்று இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

சில விஷயங்களைத் தள்ளிப்போடவே கூடாது. சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் உடனே காசநோய்ப் பரிசோதனை செய்யுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம். கழுத்திலோ அக்குளிலோ கட்டி தட்டுப்பட்டாலும் காட்டிவிடுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் என்றால், வியர்த்து நடுக்கத்தோடு விழிக்கும் அந்த நிமிடமே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு, மறுநாளே மருத்துவரிடம் அளவை மாற்றச் சொல்ல வேண்டும். மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும் வியர்க்க வைக்கும், அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நெஞ்சு வலியோடு வியர்த்தால் யோசிக்காமல் 108.

அப்புறம், கோடையில் கரண்ட் போனால் கருவி நின்றுவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் கருவியின் பிளக்கைச் சேர்த்துவிடுங்கள். ஈரமாக்கும் ஹீட்டரை அணைத்துவிட்டால் பேட்டரி அதிக நேரம் தாங்கும்.

உங்களுக்கு இப்போது முதல் வேலை அந்த நோட்டுதான். நனைந்து விழித்த மணி, அப்போது மாஸ்க் எங்கே இருந்தது, அன்றைக்குத் தலையில் எண்ணெய் வைத்தீர்களா. பத்து நாள் எழுதி, மெமரி கார்டோடு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். மாஸ்க் முகத்தில் இருக்கும்போதே வியர்க்கிறது என்று நோட்டில் தெரிந்தால், காற்றழுத்தம் போதவில்லையா என்று அவர் பார்க்க வேண்டும். நோட்டில் என்ன வந்தது என்று இங்கே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.