அக்காவுக்குப் பங்கு, தங்கைக்கு இல்லை

கேள்வி: நாங்கள் தலைமுறைகளாக ஆந்திரத்தின் நகரியில் வாழும் தமிழ்க் குடும்பம். 1987-இல் திருமணமான என் அக்காவுக்கு அப்பாவின் பூர்வீக நிலத்தில் பங்கு கிடைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டில், அதே ஆண்டு திருமணமான எங்கள் சித்தி மகளுக்கோ, சட்டப்படி பங்கில்லை என்று சொல்லி, தாம்பாளத்தில் ஒரு புடவையை வைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குடும்பச் சட்டங்களை மத்திய அரசே வைத்துக்கொண்டால் இந்தப் பாகுபாடு வராதல்லவா?

— வாசகி, நகரி

பதில்: உங்கள் சித்தி மகளுக்கு நேர்ந்தது அநீதிதான். ஆனால், மாநிலங்களிடம் அதிகாரம் இருந்ததால்தான் அது நேர்ந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

திருமணம், வாரிசுரிமை, கூட்டுக்குடும்பம், பாகப்பிரிவினை ஆகியவை அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் பொதுப்பட்டியலில் இருப்பதால், நாடாளுமன்றமும் சட்டமன்றமும் அவற்றில் சட்டம் இயற்றலாம். இரண்டும் முரண்பட்டால் மத்திய சட்டமே நிற்கும் என்றாலும், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் அந்த மாநிலத்துக்குள் செல்லுபடியாகும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமையை மகன்களுக்கே விட்டுவைத்திருந்தது. டெல்லிக்காகக் காத்திராமல், என்.டி.ராமராவ் ஆட்சிக்காலத்தில் ஆந்திரம் 1986-இல் திருத்தம் இயற்றி மகளையும் பங்குதாரர் ஆக்கியது. தமிழ்நாடு 1989-இல் அவ்வழியே வந்தது. இரண்டுமே, தத்தம் சட்டத்துக்கு முன்பே மணமாகிப் போன மகள்களை விலக்கிவிட்டன. அதனால்தான் 1987-இல் நடந்த இரு திருமணங்களில் ஒன்று உரிமைக்குள்ளும் மற்றொன்று வெளியிலும் நின்றது.

நாடாளுமன்றம் இந்த உரிமையை நாடு முழுவதற்கும் கொடுத்தது 2005-இல்தான். அதிகாரம் அங்கே மட்டும் இருந்திருந்தால், உங்கள் அக்காவும் அதுவரை வெறுங்கையோடு நின்றிருப்பார். அதே வேளையில், திருமணத் தேதியைப் பார்க்கும் வழக்கத்தை ஒழித்தது அந்த மத்திய சட்டம்தான் என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். மாநிலம் முந்திச் செல்லலாம், ஆனால் எந்த மாநிலமும் இறங்க முடியாத கீழ்வரம்பை மத்திய அரசு வகுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

உங்கள் சித்தி மகளுக்கு வழி இன்னும் இருக்கலாம். இந்த உரிமையைப் பெற 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது. 20.12.2004-க்கு முன்பு பதிவான பாகப்பிரிவினைப் பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்போ இருந்தால் அது தடையாகும். வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டோம் என்று சகோதரர்கள் சொல்வது பொதுவாகப் போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள். அதுவரை, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எதிலும் அவர் கையெழுத்திட வேண்டாம்.