கேள்வி-பதில்: சட்டகம் அழகு, பாடம் எங்கே?

கேள்வி: இணையவழிப் பாடப் பக்கங்களை அமைப்பதற்கு 500 சட்டகங்கள் (டெம்ப்ளேட்) கொண்ட தொகுப்பொன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு பாடத்தொடருக்கு ஏழெட்டுச் சட்டகங்களே போதும்.

கேள்வி: மாதிரியில் அழகாக இருந்த சட்டகத்தில் எங்கள் பாடத்தை இட்டதும் எழுத்து பெட்டியை விட்டு வழிகிறது, கைப்பேசியில் படிக்கவே முடியவில்லை. விற்றவரோ உரையைச் சுருக்கச் சொல்கிறார்.

பதில்: நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், உங்கள் பாடத்தில் குறையில்லை. தலைப்பு, உரை, படம், வினா ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கித் தருவதுதான் சட்டகத்தின் வேலை என்றிருக்க, மாதிரிப் பக்கத்தில் மூன்று சொல் தலைப்பையும் இரண்டு வரி உரையையும் வைத்து அழகு காட்டி விற்பதை நான் பல ஆண்டுகளாகக் கண்டித்து வருகிறேன். 720-க்கு 540 பிக்சல் என்று பூட்டப்பட்ட சட்டகம், நிமிர்த்திப் பிடித்த கைப்பேசியில் எழுத்தோடு சேர்ந்து மொத்தமாகச் சிறுத்துவிடும். வரி உயரம் போதாத பெட்டியில் ‘கீ’யின் சுழியும் ‘ழு’வின் வாலும் வெட்டுப்பட்டு நிற்கும். 2018-இல் வெளியான வலை அணுகல்தன்மை வழிகாட்டி 2.1, 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் உரையைப் படிக்க முடிய வேண்டும் என்கிறது. விற்பனைப் பக்கத்தில் ‘எல்லாத் திரைக்கும் பொருந்தும்’ என்றிருந்தால் அதையும் உங்கள் கைப்பேசித் திரையையும் படம் பிடித்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அடுத்த முறை, உங்களிடமுள்ள மிக நீளமான பக்கத்தைச் சோதனைப் பதிப்பில் இட்டுப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: சந்தா முடிந்ததும் நான் அமைத்த பக்கங்களைத் திருத்த முடியவில்லை. இது மோசடிதானே?

பதில்: இல்லை. வாடகைக்கு எடுத்ததைச் சொந்தம் என்று எண்ணியது உங்கள் தவறு. நிபந்தனைகளைப் படிக்காமல் ‘சம்மதம்’ என்று அழுத்திவிட்டு எனக்கு எழுதுவதில் பயனில்லை. ஏற்கெனவே பதிப்பித்து இறக்கி வைத்த தொகுப்பு பொதுவாகத் தொடர்ந்து இயங்கும். மூலக் கோப்பைத் திறக்கத்தான் சந்தா வேண்டும். ஆனாலும் உங்களை அதிகம் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை. உலாவியில் அசைபடங்களை இயக்கிய ஃபிளாஷ் மென்பொருள் 2020 இறுதியோடு நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு 2017-லேயே வந்திருந்தும், 2018-இல் பாதி விலை என்ற ஒரே காரணத்துக்காக ஃபிளாஷ் சட்டகங்களை வாங்கியவன் நான். அவற்றில் ஒன்றுகூட இன்று எந்த உலாவியிலும் திறப்பதில்லை.

கேள்வி: நீண்ட பாடமொன்றில் மாணவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாமல் முதல் பக்கத்துக்கே திரும்புகிறார்கள். வேறு சட்டகம் வாங்கினால் சரியாகுமா?

பதில்: பெரும்பாலும் ஆகாது. பாடமும் கற்றல் தளமும் தகவல் பரிமாறிக்கொள்ளும் பொது முறையான ஸ்கார்மின் 1.2 பதிப்பில், விட்ட இடத்தை நினைவில் வைக்கும் குறிப்புக்கு 4,096 எழுத்துகளே இடம். ஒவ்வொரு பொத்தானின் நிலையையும் குறித்துக்கொண்டே போனால் அது நிரம்பிவிடும். ஸ்கார்ம் 2004-இன் மூன்றாம் பதிப்பிலிருந்து அந்த வரம்பு 64,000. உங்கள் கற்றல் தளம் அதை ஏற்குமா என்று கேட்டுவிட்டு, அதே பாடத்தை அந்த முறையில் மறுபடி பதிப்பித்துப் பாருங்கள். அதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.