மருந்து முடிந்ததும் மறுபடி வயிற்றுப்போக்கு

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68. நுரையீரல் தொற்றுக்கு மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். வீடு திரும்பியதும் வயிற்றுப்போக்கு. மலப் பரிசோதனையில் 'சி.டிஃப்' என்றார்கள். 10 நாள் மருந்தில் நின்றது, இரண்டு வாரத்தில் திரும்பிவிட்டது. மருந்து சரியில்லையா? வீடு முழுக்க சானிடைசர் வைத்திருக்கிறோமே!

பதில்: மருந்து அதன் வேலையைச் செய்துவிட்டது. கிருமிதான் பொல்லாதது. 'சி.டிஃப்' என்பது க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் சுருக்கப் பெயர். அது வளர்ந்து பெருகும்போது மருந்துக்குச் சாகும். சூழல் ஒத்துவராவிட்டால் தடித்த ஓட்டுக்குள் சுருண்டு 'ஸ்போர்' ஆகிவிடும். விதைநெல் மாதிரி சும்மா கிடக்கும். அந்த நிலையில் மருந்து அதைத் தொடாது.

மருந்து நின்றதும் நம் பித்தநீரில் உள்ள உப்புகளே அதை முளைக்க வைக்கின்றன. வழக்கமாகக் குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அந்த உப்புகளை மாற்றி, முளைத்ததை வளரவிடாமல் செய்யும். அம்மாவுக்குப் போட்ட ஊசி அவற்றையும் அழித்திருக்கும். முதல் முறை வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இப்படித் திரும்புகிறது.

சானிடைசர் விஷயத்துக்கு வருவோம். ஆல்கஹாலுக்கு ஸ்போர் சாகாது. சோப்பு போட்டு, குழாய்த் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் கையிலிருந்து அடித்துக்கொண்டு போகும். கழிப்பறையில் ஃப்ளஷ் பிடி, குழாய்த் திருகு, கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் குளோரின் ப்ளீச் கரைசலால் துடையுங்கள். துடைத்த உடனே உலர்த்தாமல் சில நிமிடம் ஈரமாக இருக்கட்டும். கழிப்பறை ஆசிட்டோடு மட்டும் ப்ளீச்சைக் கலக்கவே கூடாது, விஷவாயு வரும். முடிந்தால் அம்மாவுக்குத் தனிக் கழிப்பறை.

இரண்டாவது முறைக்கு ஃபிடாக்ஸோமைசின் கொடுப்பதுண்டு, அல்லது வான்கோமைசினைப் பல வாரங்களுக்கு மெல்ல மெல்லக் குறைப்பதுண்டு. எது என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். அதற்குப் பிறகும் வந்தால், ஆரோக்கியமானவரின் மலத்திலுள்ள பாக்டீரியாக்களைக் குடலில் சேர்க்கும் சிகிச்சை இருக்கிறது. முகம் சுளிக்காதீர்கள்! 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் அதைப் பெற்ற 16 பேரில் 15 பேர் குணமானார்கள். வான்கோமைசின் மட்டும் எடுத்த 13 பேரில் 4 பேர்தான்.

அப்புறம், போக்கை நிறுத்துகிறேன் என்று லோபரமைடு வாங்கிக் கொடுக்காதீர்கள். அசிடிட்டி மாத்திரை வழக்கமாகப் போடுகிறார் என்றால் அது தேவைதானா என்று கேளுங்கள். இனி சளி, காய்ச்சல் என்று யாரிடம் போனாலும் 'சி.டிஃப் வந்திருக்கிறது' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போக்கு நின்ற பிறகு மலப் பரிசோதனை தேவையில்லை. குணமானவர்களுக்கும் பாசிட்டிவ் வரும். வயிறு உப்பி வலித்தால், காய்ச்சல் ஏறினால், சிறுநீர் குறைந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.