ஆறு மா நிலமும் ஒரு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும்

வலங்கைமானிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பையன் பிளஸ் டூ தேறிவிட்டான். கணக்கில் 54, இயற்பியலில் 71. சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் உங்கள் அண்ணன் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். ஹாஸ்டலோடு நான்கு வருஷத்துக்கு ஒன்பது லட்சம். ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். பையனோ லீவு முழுக்கத் தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் கிடந்து, யாரோ மணலில் ஓட்டிக் கெடுத்த ஜீப்பின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்ததையே சாப்பிடும்போதும் பேசுகிறான். "இவன் புத்தி ஏன் இப்படிப் போகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாம் சரியாகிவிடும் என்று ஆறுதலாக நாலு வரி எழுதிவிடலாம். அது உங்களுக்கு உதவாது. நிலத்தை அடகு வைக்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றாலே ஒன்பது லட்சத்துக்கு மாதம் ஒன்பதாயிரம். இரண்டு ஏக்கரில் குறுவையும் தாளடியும் நன்றாக விளைந்தாலும் அந்த வட்டியைக் கட்டிவிட்டு வீட்டுக்கு என்ன மிஞ்சும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். மேட்டூர் தண்ணீர் தள்ளிப்போகிற வருஷம் என்றால் கேட்கவே வேண்டாம். இன்னொன்று, முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை அரசுக் கலந்தாய்வில் சேருபவர்களுக்குத்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. அண்ணன் இதைச் சொன்னாரா?

கம்ப்யூட்டர் சயின்ஸ் மோசமான படிப்பு இல்லை. ஆனால் யாரும் சொல்லாமல் தானே உட்கார்ந்து நாலு வரி புரோகிராம் எழுதிப் பார்த்த பிள்ளைக்கு அது ஏற்ற படிப்பு. உங்கள் பையன் நோட்டில் வரைந்து வைத்திருப்பது கியர்பாக்ஸில் எண்ணெயைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடிக்குள் எண்ணெய் ஓடும் வழிகள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நோட்டை எனக்கு அனுப்பியிருந்தால் மார்க் ஷீட்டே தேவைப்பட்டிருக்காது.

சரி, அவன் விரும்பும் வேலை என்ன? ஆயில் மாற்றி வீல் அலைன்மென்ட் பார்க்கிற வேலை என்று உங்கள் அண்ணன் நினைக்கிறார். அவர் ஓட்டுகிற காரும் ஆட்டோமேட்டிக்காகவே இருக்கலாம். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவன் பிரித்த ஜீப் மாதிரி ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கிளட்ச் பெடல் கிடையாது. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. எண்ணெயைச் சுழற்றியே விசையைக் கடத்துகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் அதற்குள் இருக்கும் ஒரு கிளட்ச் பூட்டிக்கொள்ளும், சூடு குறைவு. மணலிலும் சேற்றிலும் மலையேற்றத்திலும் சக்கரம் மெதுவாகச் சுற்ற, இன்ஜின் வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசம் முழுவதும் எண்ணெயில் சூடாக இறங்குகிறது. எண்ணெய் கருகினால் ரப்பர் சீல் விறைத்துப்போகும். சீல் போனால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கிளட்ச் பிளேட் வழுக்கும், வழுக்கினால் மேலும் சூடு. மணலில் விளையாடப் போன வண்டி டிரக்கில் ஏறித் திரும்புவது இப்படித்தான்.

இதைச் சரிசெய்பவன் முதலில் அடியில் உள்ள எண்ணெய்த் தட்டைக் கழற்றி அதன் காந்தத்தைப் பார்ப்பான். மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தால் வழக்கமான தேய்மானம். மின்னும் உலோகத் துகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. பிறகு பம்ப், டிரம், கிளட்ச் பிளேட்டுகளின் அடுக்கு, பிளானட்டரி கியர் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும், வந்த வரிசையிலேயே துணியில் அடுக்கி வைக்க வேண்டும். புது ஃபிரிக்ஷன் பிளேட்டை, அதாவது உராய்ந்து பிடிக்கும் கிளட்ச் பிளேட்டை, காய்ந்தபடி மாட்டக்கூடாது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். அடுக்கியபின் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்து அளந்து, மேனுவலில் உள்ள அளவுக்கு வரவில்லை என்றால் அடுக்கைப் பிடித்து நிறுத்தும் வளையமான ஸ்னாப் ரிங்கை வேறு தடிமனில் போட்டுச் சரிக்கட்ட வேண்டும். பிஸ்டன் சீலின் விளிம்பில் நகக்கீறல் அளவு கிழிசல் இருந்தாலும் மொத்த உழைப்பும் வீண். வால்வ் பாடியில் சின்னச் சின்ன குண்டுகள் இருக்கும். ஒன்று இடம் மாறினால் ஒரு கியரே விழாது, அல்லது இடித்துக்கொண்டு விழும். அவை உருளாமல் நிற்க கிரீஸ் வைக்கக்கூடாது, வாசலின் வைக்க வேண்டும். அது எண்ணெயில் கரைந்துவிடும்.

மூடுவதற்கு முன் ஒவ்வொரு எண்ணெய் வழியிலும் காற்றழுத்தம் கொடுத்து, கிளட்ச் 'டொக்' என்று பிடிக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்கள். கடைசியில் கன்வெர்ட்டரை ஏற்றும்போது அது பம்ப்புக்குள் முழுசாக உட்கார வேண்டும். உட்காராமல் போல்ட்டை இறுக்கினால் பம்ப் உடையும். அவசரக்காரர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். எண்ணெயைக் குளிர்விக்கும் பழைய கூலரையும் அதன் குழாயையும் கழுவாமல் விட்டால் அதில் தங்கிய துகள்கள் புது கியர்பாக்ஸுக்குள்ளேயே திரும்பி வரும்.

மேம்படுத்துவது அடுத்த படி. ஃபேனோடு பெரிய ஆயில் கூலர், டாஷ்போர்டில் எண்ணெய் வெப்பமானி, கொஞ்சம் கூடுதல் அழுத்தம், டிரம்மில் இடமிருந்தால் ஒரு பிளேட் அதிகம். பெரிய டயர் மாட்டிவிட்டு "வண்டி இழுக்கவில்லை, ஷிஃப்ட் கிட் போடுங்கள்" என்று, கியர் மாறும் விதத்தை மாற்றும் பாகங்களைக் கேட்டு வருபவரிடம், ஆக்ஸில் கியர் விகிதத்தை முதலில் மாற்றுங்கள் என்று சொல்லத் தெரிந்தவன்தான் கியர்பாக்ஸைப் பிரித்துச் சேர்க்கும் நல்ல ரீபில்டர். ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடை போடுகிறது, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்துக்கு என்றே ஒரு வேலையும் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும்போது முழங்கால் தண்ணீரில் வண்டி விடுகிறோம். சூடான கியர்பாக்ஸ் சட்டென்று குளிரும்போது காற்று போய்வர வைத்திருக்கும் மூச்சுக்குழாய் வழியே தண்ணீரை உள்ளே இழுக்கும். எண்ணெயும் தண்ணீரும் கலந்து ரோஸ்மில்க் மாதிரி வெளியே வரும். ஃபிரிக்ஷன் பிளேட்டின் மேலுறை பசையால் ஒட்டப்பட்டது, தண்ணீர் பட்டால் உரியத் தொடங்கும். எண்ணெயை மட்டும் மாற்றி அனுப்பினால் கொஞ்ச நாளில் வண்டி மறுபடி நிற்கும். பிளேட்டைப் பிரித்துப் பார்க்கவும், மூச்சுக்குழாயை மேலே தூக்கிக் கட்டவும் தெரிந்த ஆள் டெல்டாவில் இருந்தால் மழைக்காலத்தில் அவனுக்கு ஓய்வு இருக்காது.

வண்டி வருமா என்றால், 2020 அக்டோபரில் வந்த புதிய மஹிந்திரா தார் ஜீப்பில் 6 ஸ்பீட் ஆட்டோமேட்டிக் உண்டு, 2023-இல் வந்த மாருதி ஜிம்னியில் 4 ஸ்பீட். வாரண்டி இருக்கும்வரை கம்பெனி ஷோரூம். முடிந்தபின் முழு யூனிட்டையும் மாற்றும் விலையைக் கேட்டு மலைத்துப்போகிறவர்கள், பிரித்துச் சரிசெய்யும் ஆளைத் தேடுவார்கள். எலெக்ட்ரிக் கார் வந்துவிட்டதே என்று அண்ணன் கேட்பார். நியாயமான கேள்வி. பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்களில் இந்த மாதிரி கியர்பாக்ஸ் இல்லை. ஆனால் இப்போது சாலையில் ஓடும் வண்டிகள் நாளைக்கே மறையப் போவதில்லை. மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வும், கோளாறைப் படிக்கும் ஸ்கேனரும் கற்றவன் மோட்டாருக்கு மாறுவதும் அவ்வளவு கஷ்டம் இல்லை. அதனால் ஸ்பானரோடு மின்சாரப் பகுதியையும் அவன் படித்தே ஆக வேண்டும். இதில் சலுகை தர மாட்டேன்.

வழி இதுதான். பிளஸ் டூவில் கணக்கும் அறிவியலும் எடுத்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். அரசு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல். கட்டணத்துக்கு நிலம் தேவைப்படாது. முடித்ததும் அப்ரென்டிஸ் பயிற்சி, உதவித்தொகை உண்டு. அப்புறம் கோவையிலோ சென்னையிலோ கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கும் பட்டறையில் இரண்டு மூன்று வருஷம். பின்னால் பி.இ. வேண்டும் என்று தோன்றினால் டிப்ளமோவிலிருந்து அதற்கும் இரண்டாம் ஆண்டு நேரடிச் சேர்க்கை இருக்கிறது. வேலை உத்தரவாதம் என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்கும் குறுகிய காலப் பயிற்சிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அவனுக்கும் ஒரு கண்டிப்பு. மேனுவல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். தினம் ஒரு பக்கம் அகராதியோடு படிக்கச் சொல்லுங்கள். காதில் கேட்டதை வைத்து இடைவெளி அளக்கிற ஆள் ஆகிவிடக்கூடாது.

"டிப்ளமோக்காரனுக்கு யார் பொண்ணு கொடுப்பா?" என்று உங்கள் நாத்தனார் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். பதினெட்டு வயதுப் பையனுக்கு இப்போது அந்தக் கேள்வி எதற்கு? அண்ணனிடம் மட்டும் ஒன்று கேளுங்கள். இந்தச் சீட்டில் அவ்வளவு நம்பிக்கை இருந்தால் ஒன்பது லட்சத்துக்கும் கடன் பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போடுவாரா? போட்டாலும் பையனிடம் கேட்காமல் சரி என்று சொல்லாதீர்கள்.

இரண்டாம் ஆண்டு நேரடிச் சேர்க்கைக்கு விண்ணப்பம் தொடங்கியதும் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றோடும் பக்கத்து அரசு பாலிடெக்னிக்குக்குப் போய் வாருங்கள். பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அங்கே லேப் எப்படி இருக்கிறது என்று அவனே பார்க்கட்டும்.